அம்மாவின் வாயசைவு: டெட்ராபெனசின் எடுத்தவர்களின் அனுபவம் தேவை

மனச்சிதைவு நோய்க்காகப் பல ஆண்டுகளாக ஹாலோபெரிடால் உட்கொண்டுவரும் என் அம்மாவுக்கு, சில மாதங்களாக நாக்கு தானாகவே வெளியே துருத்துவதும், எதையோ மெல்லுவதுபோல் தாடை ஓயாமல் அசைவதும் இருக்கின்றன. தூக்கத்தில் மட்டும் அடங்குகின்றன. காபி டம்ளரை உதட்டில் வைத்ததும் சேலையில் சிந்திவிடுவதால், உறவினர் முன்னிலையில் சாப்பிடவே மறுக்கிறார். அதுதான் எனக்குப் பெரும் வேதனை.

இது மனநோய் மருந்துகளை நீண்டகாலம் எடுப்பதால் வரும், கட்டுப்படுத்த முடியாத அசைவுக் கோளாறான டார்டிவ் டிஸ்கைனீசியா என்று கூறிய மருத்துவர், ஹாலோபெரிடாலைத் திடீரென நிறுத்தக் கூடாது என எச்சரித்ததுடன், நடுக்கம், விறைப்புக்காகத் தரப்பட்டாலும் இவ்வசைவை அதிகரிக்கக்கூடிய ட்ரைஹெக்சிஃபெனிடிலைப் படிப்படியாகக் குறைத்துவருகிறார். அடுத்ததாக, அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவைப்படும் க்ளோசபின் என்ற வேறொரு மனச்சிதைவு மருந்துக்கு மாற்றுவதா, இவ்வசைவைக் குறைக்கத் தரப்படும், ஆனால் மனச்சோர்வைத் தூண்டக்கூடிய டெட்ராபெனசினைச் சேர்ப்பதா என்று யோசிக்கிறார்.

இவற்றை எடுத்தவர்களோ, பராமரிப்பவர்களோ இருந்தால், அசைவு எவ்வளவு குறைந்தது, மனநிலை எப்படி இருந்தது என்று தயவுசெய்து எழுதுங்கள். அமெரிக்காவில் 2017-இல் இக்கோளாறுக்கென அனுமதிக்கப்பட்ட வால்பெனசின் என்ற மருந்து இங்கே யாருக்கேனும் எழுதித் தரப்பட்டதா என்பதையும் தெரிவியுங்கள்.