ரீடோ கால்வாய்ப் பயணம்: என்ன உடுத்து வருவது?

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

பெப்ரவரியில் எல்லோருமாக ஒட்டாவா வந்து, உறைந்து கிடக்கிற ரீடோ கால்வாயில் சறுக்குவது என்று முடிவானதிலிருந்து எனக்கு வருகிற கேள்வி ஒன்றே: "அண்ணை, எத்தனை சுவெட்டர் போட வேண்டும்?" எத்தனை என்பதை விடுங்கள். தோலோடு ஒட்டிக் கிடக்கிற துணி எது என்று முதலில் பாருங்கள்.

நான் கனடா வந்த முதல் பனிக்காலம். இரண்டு பருத்தி பெனியன், தடித்த சுவெட்டர், அதற்கு மேல் யாரோ தந்த பெரிய கோட்டு, இவ்வளவையும் போட்டுக்கொண்டு வாசல் பனியை வழித்தேன். வியர்த்து ஊற்றியது. அப்படியே போய் பஸ்ஸுக்கு நின்றேன். பத்து நிமிடத்தில் பல் கிடுகிடுத்தது. ஊர் வெயிலுக்கு வியர்வையை உறிஞ்சுகிறது என்று நாம் விரும்பி உடுத்த அதே பருத்தி, இங்கே ஈரத்தை விடாமல் பிடித்து வைத்து உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். ஜீன்ஸும் பருத்திதான், தம்பிமார் கவனிக்கவும்.

ஆகவே உள்ளே மெரினோ (மெல்லிய ஆட்டுக் கம்பளி) அல்லது பொலியெஸ்டர் தேர்மல், அதாவது உடம்போடு ஒட்டிய குளிர்கால உள்ளாடை. மெரினோ நனைந்தாலும் ஓரளவு சூடு தரும், லேசில் மணக்காது, விலைதான் கடிக்கும். பொலியெஸ்டர் மலிவு, கெதியாகக் காயும். அதன் மேல் ஃபிளீஸ் என்கிற மெத்தென்ற மேலாடை, அதற்கும் மேல் காற்றுப் புகாத ஜாக்கெட். இறகு ஜாக்கெட் கரையில் நின்று படம் எடுப்பவர்களுக்கு. சறுக்குபவர்கள் அதற்குள் அவிந்து போவார்கள்.

காற்றை லேசாக எண்ண வேண்டாம். மைனஸ் 20இல் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 33 போல. மூடாத கன்னமும் காதும் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும்.

காலுக்கு ஒரேயொரு கம்பளி சொக்ஸ். இரண்டு மூன்றைத் திணித்தால் சப்பாத்து இறுகி, இரத்த ஓட்டம் குறைந்து, விரல்தான் முதலில் விறைக்கும். கைக்கு, நாலு விரலும் ஒன்றாகக் கிடக்கிற மிற்றன் நல்லது.

வாசலை விட்டு இறங்கும்போது கொஞ்சம் குளிர்ந்தால் சரியாக உடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். சறுக்கத் தொடங்கியதும் சூடேறும். வியர்க்க முன்னரே ஜாக்கெட் சிப்பைத் திறந்துவிடுங்கள்.

பொங்கல் விழாவுக்கு வேட்டிக்குள் தேர்மல் போட்டு வந்த மாமாவைப் பார்த்துச் சிரித்தீர்களே, அன்று கார் நிறுத்துமிடத்தில் நடுங்காமல் நின்று கதைத்தவர் அவர் மட்டும்தான்.

இன்னொன்று. 2023இல் பனி சரியாக உறையாமல் கால்வாய் அந்தப் பருவம் முழுக்கத் திறக்கவேயில்லை. ஆகவே நாங்கள் போகிற நாள் காலை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் புறப்படுவோம். என்னிடம் இரண்டு சோடி மிற்றன் மேலதிகமாக இருக்கிறது. லண்டனிலிருந்து வருபவர்கள் வாங்க முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.