மழைநீர் வடிகாலை அகலமாக்கினால் மட்டும் போதுமா?

கேள்வி: இளம்பொறியாளர்

வணக்கம். நகராட்சிப் பொறியியல் பிரிவில் சேர்ந்த பிறகு எனக்கு வந்திருக்கும் முதல் பெரிய வேலை இது. ஒரு வார்டில் மூன்று தெருக்களில் பெருமழை பெய்தாலே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. இப்போதுள்ள வடிகால் 60 செ.மீ. அகலம். அதை இடித்துவிட்டு, அந்த மூன்று தெருவில் மட்டும் 90-க்கு 90 செ.மீ. கான்கிரீட் வடிகால் கட்ட எஸ்டிமேட் கேட்கிறார்கள். அங்கே வந்து சேரும் தண்ணீருக்கான மொத்தப் பரப்பு 18 ஹெக்டேர். பெரும்பாலும் வீடுகளும் தார்ச்சாலையும்தான். வாட்டம் 500-க்கு 1, அதாவது 500 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் சரிவு, கிடைக்கும் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: பழைய லெவல்காரர்

தம்பி, முதலில் தண்ணீர் போய்ச் சேரும் இடத்துக்குப் போங்கள். அது ஆறோ ஏரியோ பெரிய ஓடையோ, மழைக்காலத்தில் அதன் நீர்மட்டம் எவ்வளவு உயர்கிறது, உங்கள் வடிகாலின் வாய் அதற்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று லெவல் எடுங்கள். ஆற்று மட்டம் உயர்ந்து வாயை மூடிவிட்டால் எவ்வளவு அகலமாகக் கட்டினாலும் தண்ணீர் திரும்பித் தெருவுக்கே வரும். அப்போது பேச வேண்டியது ஒருவழிக் கதவையும் பம்பையும் பற்றி. அங்கிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு சிறுபாலத்திலும், ஒவ்வொரு திருப்பத்திலும் வடிகாலின் அடிமட்டத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள்.

இனி கணக்கு. சிறு பரப்புகளுக்கு 1851-இல் மல்வனி என்ற பொறியாளர் சொல்லி, 1889-இல் குய்க்லிங் என்ற பொறியாளர் நகர வடிகாலுக்குக் கொண்டுவந்த சூத்திரமே போதும். வழிந்தோடும் விகிதம் (பெய்த மழையில் மண்ணுக்குள் போகாமல் ஓடிவரும் பங்கு), மழையின் தீவிரம், பரப்பு மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை கனமீட்டர் என்று வரும். மழையை மணிக்கு மி.மீ.யிலும் பரப்பை ஹெக்டேரிலும் போட வேண்டும். வீடும் தாருமான இடத்துக்கு விகிதம் 0.7 வைக்கலாம். தீவிரத்தை உங்கள் பகுதியின் மழைப் பதிவேட்டிலிருந்து எடுங்கள். ஓர் உதாரணத்துக்கு 60 மி.மீ. என்றால் 2.1 கனமீட்டர் வருகிறது.

நீங்கள் சொல்லும் 90 செ.மீ. வடிகாலில் 75 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் ஓடட்டும். 500-க்கு 1 வாட்டத்தில், வடிகாலில் தண்ணீர் ஓடும் வேகத்தைக் கணக்கிடும் மேனிங் சூத்திரப்படி, கான்கிரீட்டின் சொரசொரப்பு எண்ணாக 0.015 வைத்தால், அது விநாடிக்குக் கொண்டுபோவது ஏறக்குறைய 0.86 கனமீட்டர். பாதிகூட இல்லை! இதைக் காட்டாமல் எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தத் தெருவில் வாசலில் மணல்மூட்டை அடுக்குபவர்கள் உங்களை நம்பித்தான் இருக்கிறார்கள்.

பதில்: தெருவாசி

நான் பொறியாளர் இல்லை, எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இருக்கிறேன். எங்கள் தெருவிலும் புதிய வடிகால் வந்தது. இரண்டு வீடுகள் கழிவுநீர்க் குழாயை அதில் கொண்டுவந்து விட்டன, அடுத்த மழைக்குள் பாதி உயரம் வண்டல். சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில் தெருத் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் வீட்டுக்குள் வருகிறது. தூர்வாரும் ஆள் இறங்க மூடி எங்கே வைப்பது என்பதையும் வரைபடத்திலேயே காட்டுங்கள்.

இளம்பொறியாளர்

நன்றி சார், நன்றி அண்ணா. லெவல் எடுத்துப் பார்த்தேன். ஆற்று மட்டம் பிரச்சினை இல்லை. ஆனால் வாட்டம் 900-க்கு 1 தான் தேறுகிறது. நடுவில் ஒரு சிறுபாலத்துக்குள் குடிநீர்க் குழாய் குறுக்கே போகிறது, குப்பையெல்லாம் அதில் மாட்டி நிற்கிறது. மேல்பகுதியில் 6,000 சதுரமீட்டரில் நகராட்சி மைதானம் ஒன்று இருக்கிறது.

பழைய லெவல்காரர்

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். அந்தக் குழாயை மாற்றுவதுதான் முதல் பணி, அதைச் செய்யாமல் மேலே எதைக் கட்டினாலும் பயன் இல்லை. 900-க்கு 1 என்றால் உங்கள் வடிகால் 0.64 கனமீட்டருக்கு இறங்கிவிடும். வேகம் விநாடிக்கு 0.95 மீட்டர் இருப்பதால் முழு ஓட்டத்தில் வண்டல் தங்காது.

மைதானம் இருப்பது பெரிய வரம். அரைமணி நேரப் பெருமழையில் 2.1 கனமீட்டர் வீதம் வருவது 3,780 கனமீட்டர். வடிகால் 1,150 எடுத்துக்கொள்ளும். மீதி 2,630. மைதானத்தை 45 செ.மீ. தாழ்த்தினால் 2,700 கனமீட்டர் பிடிக்கும். இது தோராயம்தான். மைதானம் மேல்பகுதியில் இருப்பதால், எந்தெந்தத் தெருத் தண்ணீரை அங்கே திருப்ப முடியும் என்று லெவல் பார்த்த பிறகே இதை நம்ப வேண்டும். திருப்ப முடியாத பங்குக்கு வடிகாலைத்தான் பெரிதாக்க வேண்டியிருக்கும். மழைநீர் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும், இலவசமாகக் கிடைக்கும் எஸ்.டபிள்யூ.எம்.எம். (SWMM) மென்பொருளில் ஓட்டிச் சரிபாருங்கள். 2011 ஜூலை பெருமழைக்குப் பிறகு கோபன்ஹேகன் நகரம் வகுத்த திட்டத்திலும் பூங்காக்களைத் தண்ணீர் தேக்கும் இடங்களாக வைத்தார்கள்.

நகர்மன்றத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். 5 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்குத் திட்டமிட்டால், எந்த ஆண்டிலும் அதை மிஞ்ச 20 சதவீத வாய்ப்பு உண்டு. ஐந்து ஆண்டுகளில் ஒருமுறையாவது மிஞ்ச 67 சதவீதம். அந்த நாளில் மிகுதித் தண்ணீர் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்பதையும் சேர்த்தே வரையுங்கள். கீழ்த்தெருக்காரர்களைக் கூட்டத்துக்கு அழைக்காமல் அதை முடிவு செய்யாதீர்கள்.