மாந்தோப்பு வழியாக எரிவாயுக் குழாய் நோட்டீஸ்: இது குத்தகையா, கிரயமா?

மாந்தோப்பு_பாலக்கோடு:
பாலக்கோடு பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர் 30 சென்ட் தோப்பு. எல்லாம் பெங்களூரா ரக மா, 18 வருட மரங்கள். போன வாரம் எரிவாயுக் குழாய் வருகிறது என்று நோட்டீஸ், அதில் எங்கள் சர்வே எண்ணும் இருக்கிறது. சித்தப்பா தன் பட்டா நிலத்தைக் கிரானைட் குவாரிக்கு விட்டு வருடா வருடம் பணம் வாங்குகிறார். இதுவும் அப்படித்தானா? இல்லை, நிலமே போய்விடுமா? பட்டா இன்னும் தாத்தா பெயரில் கிடக்கிறது.

ராயக்கோட்டைக்காரன்:
இரண்டும் இல்லை தம்பி. இது 1962ஆம் வருடத்துப் பெட்ரோலிய, கனிமக் குழாய்ச் சட்டம். நிலம் உங்களுடையதுதான், அடியில் குழாய் பதிக்கும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். சித்தப்பா சம்மதித்தால்தான் குவாரிக்காரர் உள்ளே வரமுடியும், இங்கே அந்தப் பேச்சே இல்லை. வருட வாடகையும் கிடையாது. குழாய் போகும் நிலப் பட்டைக்கு மட்டும் சந்தை மதிப்பில் 10 சதவீதம், ஒரே தடவை. வெட்டுகிற மரத்துக்கும் பயிருக்கும் நஷ்டஈடு தனி.

அந்தப் பட்டையில் அப்புறம் மரம் வைக்க முடியாது, கிணறு வெட்ட முடியாது, கொட்டகைகூடப் போட முடியாது. ராகி, தக்காளி போடலாம். தக்காளி போடுகிறவனுக்கு ஒரு பருவம் போகும், உங்களுக்குப் போவது தோப்பு.

சூளகிரி_விவசாயி:
கையெழுத்துப் போடாதீங்க, அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

ராயக்கோட்டைக்காரன்:
அப்படி நம்பி உட்காராதீங்க. 2013இல் தமிழக அரசே, மத்திய அரசு எரிவாயு நிறுவனமான கெயிலின் குழாயை நெடுஞ்சாலையோரம் கொண்டுபோகச் சொன்னது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

மாந்தோப்பு_பாலக்கோடு:
கிணறு அந்தக் குழாய்க் கோட்டுக்கு ரொம்பப் பக்கம் அண்ணா. மறுப்பு சொல்லலாமா?

ராயக்கோட்டைக்காரன்:
21 நாளுக்குள் எழுத்தில் கொடுக்கலாம், நேரில் விசாரணையும் உண்டு. ஆனால் தபால் வந்த நாளிலிருந்து எண்ணாதீங்க; அரசிதழ் நகல் பொதுமக்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து கணக்கு. போன வாரம் என்றால் பாதி நாள் ஓடியிருக்கலாம். ‘வேண்டாம்’ என்று மட்டும் எழுதாமல், புலப்படத்தில் (நிலத்தின் சர்வே வரைபடம்) கிணற்றைக் குறித்து, குழாய்க் கோட்டை எந்தப் பக்கம் நகர்த்தலாம் என்று கேளுங்க.

காரிமங்கலம்_அக்கா:
பட்டா மாற்றத்துக்கு இன்றைக்கே மனு போடுங்க தம்பி, பங்காளி ஒருவர் முரண்டினாலும் பணம் நின்றுவிடும். மரங்களை எண்ணி ஒவ்வொன்றையும் போட்டோ எடுங்க, அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேடு) மா ஏறியிருக்கிறதா பாருங்க. பக்கத்து நிலம் சமீபத்தில் கிரயமாகியிருந்தால் பத்திர நகல் வாங்குங்க, சந்தை மதிப்புக்கு உதவும். தொகை குறைவாகப் பட்டால் மாவட்ட நீதிமன்றம் போகலாம்.

மாந்தோப்பு_பாலக்கோடு:
சரிங்க அக்கா. காலையில் முதலில் கிணற்றுக்கும் கோட்டுக்கும் நடுவே டேப் பிடித்து அளக்கிறேன்.