மறுமொழி: பாலித் தீவு இசைக்குறிகள் – இணைகுறியா, சார்குறியா?

ஐயா, வணக்கம். எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் யூனிகோடு தரத்தில், இன்னொரு குறியின் மேலோ கீழோ ஒட்டி வரும் குறியை combining mark என்பார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு நான் சொன்ன 'சார்குறி' பற்றி நீங்கள் கேட்டது:

> மேலும் கீழும் ஒட்டி வரும் குறிகளை 'இணைகுறி' என்றே சொல்லலாமே, புதுச்சொல் எதற்கு?

எனக்கு அதில் ஒரு நெருடல். இணைகோடு, இணைகரம் என்று படித்து வந்தவர்களுக்கு 'இணை' என்றால் சமமாகப் பக்கத்தில் நிற்பது. நாம் பேசும் குறி அப்படி நிற்பதில்லை. தமிழில் வெறும் கொம்பை மட்டும் தட்டினால் பக்கத்தில் ஒரு புள்ளிவட்டம் வந்து நிற்குமே, அதுபோல இதற்கும் தாங்க ஒன்று வேண்டும். அதனால்தான் 'சார்குறி' என்கிறேன். குற்றியலுகரத்துக்கும் ஆய்தத்துக்கும் தொல்காப்பியம் சொன்ன அதே சார்பு.

இந்தோனேசியாவின் பாலித் தீவு எழுத்தையே எடுத்துக்கொள்வோம். 2006இல் வந்த யூனிகோடு 5.0, பாலி எழுத்துக்கு 128 இடங்கள் ஒதுக்கியது. அவற்றில் 28 இசைக்குறிகள்: சுரங்கள் 10, சுரத்தின் மேலோ கீழோ வருபவை 9, கெண்டாங் மத்தளத்தின் தட்டுகள் 9.

நடுவில் உள்ள ஒன்பதில்தான் நமக்கு வேலை. தெகெஹ் என்றால் உயரம், எந்தெப் என்றால் தாழ்வு. மற்றவை கெம்புல், கெம்ப்ளி, ஜெகோகன், பெண்டே, கோங் ஆகிய கருவிகள் எந்தச் சுரத்தில் விழ வேண்டும் என்று காட்டுபவை. டொங் என்ற சுரத்தின் தலையில் கோங் குறி இருந்தால், அந்த டொங்கில் பெரிய கோங் ஒலிக்க வேண்டும். சுற்று அங்கே முடிகிறது. எப்போது ஒலிப்பது என்று கோங் குறி தானாகச் சொல்லாது, டொங்கைச் சார்ந்துதான் சொல்லும்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. பாலிக்காரர்கள் சுரங்களை எழுதுவதே உயிர்க்குறிகளின் வடிவத்தில். டிங்குக்கு இகரத்தின் உலு, டுங்குக்கு உகரத்தின் சுகு, டெங்குக்கு ஏகாரத்தின் தாலெங். நாம் மெய்யை விட்டுவிட்டு ஏகாரக் கொம்பை மட்டும் எழுதிப் பாடுவதுபோல. அப்படியானால் டிங்கும் சார்குறிதானா? இல்லை. பாட்டுக்கு வந்ததும் உலு தன் காலில் நிற்கிறது. யூனிகோடும் டிங்குக்குத் தனி இடம் தந்து, தனித்து நிற்கும் குறியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. அதனால் இவற்றை உயிர்க்குறி என்று சொல்லக்கூடாது, 'சுரக்குறி' என்போம். சார்குறியைத் தாங்கி நிற்பதற்கு முன்பு நான் சொன்ன 'தாங்கெழுத்து' என்பதையும் திருத்த வேண்டும். கோங்கைத் தாங்கும் டொங் எழுத்தே அல்ல. வெறும் 'தாங்கி' போதும்.

அப்புறம் வகுப்பு எண் (combining class), அதாவது ஒரே தாங்கியில் பல சார்குறிகள் வந்தால் எது முன்னால் என்று முடிவு செய்ய யூனிகோடு தரும் எண். கீழே வரும் எந்தெப்புக்கு 220, மற்ற எட்டுக்கும் 230. ஒரே சுரத்தில் எந்தெப்பும் கோங்கும் வந்தால், எப்படித் தட்டினாலும் இயல்பாக்கத்தில், அதாவது கணினி குறிகளை ஒரே சீரான வரிசைக்குக் கொண்டுவரும்போது, எந்தெப் முன்னால் வந்துவிடும். தெகெஹும் கோங்கும் வந்தால் தட்டிய வரிசையே நிலைக்கும். நீங்கள் ஒரு வரிசையிலும் நான் இன்னொரு வரிசையிலும் தட்டியிருந்தால், என் பக்கத்தில் தேடுபவருக்கு உங்கள் பாட்டு கிடைக்காது. இந்த எண்ணுக்குச் 'சார்பு வகுப்பு' இயல்பாக வந்து விழுகிறது. 'இணை வகுப்பு' என்றால் ஏதோ பள்ளிக்கூட வகுப்பு மாதிரி இருக்கிறது.

நமக்கும் இது அயல் விஷயம் இல்லை. போன வாரம் ஒரு கீர்த்தனைக்குச் சுரம் தட்டும்போது, மேல் ஸ்தாயி 'ஸ' தலையில் புள்ளி வைக்கப் போய் அது 'ஸ்' ஆகிவிட்டது. மெய்ப்புள்ளியும் ஸ்தாயிப் புள்ளியும் இரண்டுமே சார்குறிகள்தான். ஆனால் ஒன்று அகரத்தை எடுத்துவிடும், மற்றது சுரத்தை ஏற்றும். இந்த வேறுபாட்டைப் பேசவே நமக்கு ஒரு பொதுச்சொல் வேண்டியிருக்கிறது.

கெண்டாங் தட்டுகளுக்கு வலந்தலை, தொப்பி என்று மிருதங்கச் சொற்களைப் போட ஆசைதான். ஆனால் யூனிகோடுப் பெயர்கள் சொல்வது கையை. அதனால் வலக்கைத் திறந்த டுக், இடக்கை மூடிய ப்லக் என்றே வைத்துவிடலாம்.

சார்குறிக்குப் பதிலாக 'ஒட்டுக்குறி' என்பதும் எனக்குப் பிடித்த சொல். ஆனால் முன்னொட்டு, பின்னொட்டு என்று இலக்கணத்தில் அது முன்பே வேலையில் இருக்கிறது.

மறுப்பு இல்லையென்றால் சார்குறியையும் தாங்கியையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். சார்பு வகுப்பு பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஐயா.