ஐபிஎஸ் (IBS, குடல் எரிச்சல் நோய்) என்று சொல்ல கொலோனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) கட்டாயமா?

வைகைக்கரை:
மதுரைப் பக்கம் 28 வயதுக்காரர் எட்டு மாதமாக வயிற்றுவலி, பேதி என்று போனால், எடுத்த எடுப்பிலேயே கொலோனோஸ்கோப்பிக்கு எழுதுகிறார்கள். எதற்கு? ஐபிஎஸ்ஸைக் கண்டறிய 2016-இல் வந்த ரோம் 4 என்ற சர்வதேச வரையறை தெளிவாக இருக்கிறது. கடைசி 3 மாதத்தில் சராசரியாக வாரம் ஒருநாளாவது வலி. கூடவே மூன்றில் இரண்டு: மலம் கழிப்பதோடு வலிக்குத் தொடர்பு, போகும் தடவையில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம். தொல்லை தொடங்கி 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். பொருந்தினால், அபாய அறிகுறி எதுவும் இல்லையென்றால், ஐபிஎஸ்தான்.

மேலமாசி:
நம்ம ஊரில் குடல் டிபி இருக்கிறதே அண்ணே. சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தைத்தான் அது அதிகம் பிடிக்கும். தொடக்கத்தில் வலி, பேதி, பொருமல் மட்டும்தான். ரோம் 4-இல் அதுவும் பொருந்திவிடும். ஐபிஎஸ் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தால் அதற்குள் குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளலாம்.

வைகைக்கரை:
அதற்குத்தானே அபாய அறிகுறிகளைக் கேட்கிறோம் தம்பி: எடை குறைவு, சாயங்காலக் காய்ச்சல், மலத்தில் ரத்தம், ரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கும் பேதி, குடும்பத்தில் குடல் புற்றுநோய், 45 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கியது. இதில் ஒன்று இருந்தாலும் ஸ்கோப் போடட்டும், நானே சொல்வேன். இல்லையென்றால் ரத்த அணு எண்ணிக்கை, சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), டிஎஸ்ஹெச் (தைராய்டு பரிசோதனை), மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியில் ஏறும் புரதம்) போதும். கால்ப்ரொடெக்டின் ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடலில் அழற்சி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

மேலமாசி:
மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் போடுகிறவருக்கு அந்த அளவு அதனாலேயே ஏறலாம். அதைக் கேட்காமல் மலம் எடுக்கும் டப்பாவைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

வைகைக்கரை:
உண்மை. வலி மாத்திரையை நிறுத்திச் சில வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். அப்போதும் 250 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஸ்கோப்தான்.

திருமங்கலத்தான்:
இரண்டு பேரும் பாலை விட்டுவிட்டீர்கள். இரண்டு வாரம் காபி, பால், ஜிகர்தண்டா மூன்றையும் நிறுத்தினால் பேதி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை செரிக்காததுதான் முதல் சந்தேகம். சர்க்கரைக்காரர் என்றால் மெட்ஃபார்மின் மாத்திரை எப்போது தொடங்கியது, அளவை எப்போது கூட்டினார்கள் என்று கேளுங்கள். பேதி தொடங்கிய நாளோடு அது ஒத்துப்போவது அடிக்கடி நடக்கிறது.

மேலமாசி:
சரி, ஸ்கோப் எல்லாருக்கும் வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போட்டால் முழுதாகப் போடட்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குள் நுழைந்து பார்த்தார்களா என்று ரிப்போர்ட்டைத் தேடிப் படியுங்கள். சீக்கத்தோடு (பெருங்குடலின் தொடக்கப் பகுதி) திரும்பியிருந்தால் டிபிக்குப் பாதிப் பதில்தான். தண்ணீர்ப் பேதி தொடர்கிறவருக்குக் குடல் பார்க்க நன்றாக இருந்தாலும் சதை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மைக்ராஸ்கோப்பிக் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் அழற்சி நுண்ணோக்கியில்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.