டப்ளினிலிருந்து மோஹர் கடல் ஓங்கல்: பன்னிரண்டரை மணி நேரப் பயணம், ஒன்றரை மணி நேரக் கடல்

அயர்லாந்தின் மேற்குக் கரையில் கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கும் பாறைச் சுவர்தான் மோஹர் ஓங்கல் (Cliffs of Moher). அங்கே போகும் ஒருநாள் கோச் டூர் பற்றிக் கேட்பவர்களுக்கு முதலில் நேரக் கணக்கு. காலை ஏழு மணி வாக்கில் டப்ளினில் ஏறினால் இரவு ஏழரை, எட்டுக்கு இறக்கிவிடுவார்கள். இதில் மோஹரில் காலாற நடப்பது ஒன்றரை மணி நேரம், போனால் போகிறதென்று இரண்டு. மீதியெல்லாம் ரோடு, காபி, கழிவறை வரிசை, கால்வே நகரக் கடைத்தெரு. 'கடலைப் பார்க்கவே விடவில்லை' என்று குறைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் ஏறியவர்கள்.

தூரம் ஏறக்குறைய 270 கி.மீ. கார்கள் 120-ல் போகும் மோட்டார்வேயில் கோச்சுக்கு 100தான் அனுமதி, மற்றச் சாலைகளில் 80. போகவே மூன்றரை மணி நேரத்துக்கு மேல். திரும்பும்போது பர்ரன் என்ற சுண்ணாம்புப் பாறை வெளி, கால்வே என்று சுற்றி வந்தால் டிரைவர் ஸ்டியரிங் பிடிக்கும் நேரம் மட்டும் ஏழரை, எட்டு மணியைத் தொடும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி அவர் ஒரு நாளில் 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். அதை 15, 30 என்று பிரித்தும் எடுத்துக்கொள்ளலாம். டேகோகிராஃப் என்ற கருவி நிமிடம் பிசகாமல் எல்லாவற்றையும் பதிகிறது. நடுவழியில் சர்வீஸ் ஸ்டேஷனில் ஏன் நிறுத்துகிறார்கள் என்பதற்கும், கைடு ஏன் வாட்சையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதற்கும் விடை இதுதான்.

ஆகவே கோச் 1:40-க்குக் கிளம்பும் என்றால் 1:40தான். பார்க்கிங்கில் ஒரே நிறத்தில் நாலைந்து கோச் நிற்கும். இறங்கியதும் நம்பர் பிளேட்டை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் வழியில்லாமல் இல்லை: அரசு பஸ் நிறுவனமான பஸ் ஏரனின் 350-ஆம் எண் பஸ் மோஹர் வழியாக ஒரு பக்கம் கால்வேக்கும் இன்னொரு பக்கம் எனிஸுக்கும் போகிறது. இரண்டு ஊரிலிருந்தும் டப்ளின் போக ரயில் உண்டு. ஆனால் அந்த 350 அடிக்கடி வராது, செலவும் உங்களுடையது.

இனி அந்த ஒன்றரை மணி நேரம். இறங்கியவுடன் கூட்டம் மொத்தமும் விசிட்டர் சென்டருக்குள் போகும். 2007-ல் திறந்த கட்டடம், குன்றைக் குடைந்து உள்ளே கட்டியது. புல் போர்த்தியிருப்பதால் தூரத்திலிருந்து தெரியவே தெரியாது. நல்ல இடம்தான், ஆனால் வானம் வெளுத்திருந்தால் முதலில் ஓங்கலுக்குப் போங்கள். அட்லாண்டிக் மேகம் எந்த நிமிடமும் கீழே இறங்கிவிடும். ஏற்கெனவே மூடியிருந்தால் மட்டும் தலைகீழாக மாற்றுங்கள்: கண்காட்சி, காபி, பிறகு மேலே. மூடுபனியில் முன்னால் 214 மீட்டர் பள்ளம் இருப்பது தெரியாது. கீழிருந்து பறவைச் சத்தம் மட்டும் வரும்.

கடலைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் ஓ'பிரையன் கோபுரம், இடக்கைப் பக்கம் தெற்கு மேடை. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கோபுரத்துக்கே ஏறுகிறார்கள். அது 1835-ல் அந்தப் பகுதி நிலக்கிழார் கொர்னீலியஸ் ஓ'பிரையன் கட்டியது, ஓங்கலின் மிக உயர்ந்த இடமும் அதை ஒட்டித்தான். ஆனால் படம் எடுக்க வந்தவர் அங்கே ஏமாறுவார். கோச் போய்ச் சேர்வது நடுப்பகலில். சூரியன் தெற்கே நிற்கும். கோபுரத்திலிருந்து தெற்கே பார்த்து எடுத்தால் பாறை முகங்கள் எல்லாம் கறுப்பு அட்டை மாதிரி விழும். அதே நேரத்தில் தெற்கு மேடையிலிருந்து வடக்கே திரும்பிப் பாருங்கள்: வெயில் முதுகுக்குப் பின்னால், கோபுரம் எதிரில், பக்கத்தில் 67 மீட்டர் உயரமுள்ள பிரானன்மோர் கடல் தூண். பாறை மேற்கு பார்த்தது என்பதால் காலையில் நிழல், மதியத்துக்குப் பிறகுதான் வெளிச்சம் ஏறும். அதனால் முதலில் கோபுரம், கிளம்பும் முன் தெற்கு மேடை என்ற வரிசை நல்லது.

ஏப்ரலிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை பஃபின் பறவைகள் இருக்கும். தெற்கு மேடைப் பக்கம் கீழே தெரியும் புல் திட்டுதான் கோட் ஐலண்ட், கூடு அங்கேதான். வெறும் கண்ணுக்கு வெள்ளைப் புள்ளி. 8 மடங்கு பைனாகுலர் இருந்தால் ஆரஞ்சு அலகு தெரியும். ஆகஸ்டில் போய்த் தேடிவிட்டுக் கைடைத் திட்டவேண்டாம், அவை கடலுக்குப் போயிருக்கும்.

பாதையோரம் கடலை மறைத்து நிற்கும் பலகைக் கற்களைப் பலரும் வெறும் சுவர் என்று தாண்டிவிடுகிறார்கள். குனிந்து பாருங்கள். கல்லின் முகம் முழுக்க விரல் தடிமனில் வளைந்து வளைந்து ஓடும் கோடுகள், ஈர மணலில் மண்புழு ஊர்ந்ததைப் போல. ஏறக்குறைய 32 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றில் உயிரினங்கள் ஊர்ந்த தடம். லிஸ்கேனர் கல் என்று பெயர். கிளேர் மாவட்டத்தில் வீட்டுத் தரைக்கும் இதைப் போடுவார்கள்.

அந்தக் கற்சுவரைத் தாண்டிப் புல்லில் நிற்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். ஓங்கலில் மணற்கல்லும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்கியிருக்கும். மெத்தென்ற களிப்பாறையை அலையும் மழையும் அரித்துக்கொண்டு போக, கடினமான மணற்கல் மேலே திண்ணை போல நீட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் நிற்கும் புல்லுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் இருக்கலாம், மேலிருந்து பார்த்தால் தெரியாது. நீண்ட கடலோர நடைபாதையில் சில பகுதிகளை 2024-ல் மூடியதும் பாதுகாப்புக்காகத்தான்.

* * *

மேலே சொன்னதோடு காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல்காற்று பாறைச் சுவரில் மோதி நேராக மேலே எழும்பும். மழைத்துளி கீழிருந்து மேலே வந்து முகவாயில் அடிப்பது அங்கே சாதாரணம். குடை ஐந்து நிமிடம் தாங்காது. தொப்பி வைத்த மழைக்கோட்டு, அதுவும் தொப்பியில் இழுத்துக் கட்டும் கயிறு உள்ளது வேண்டும். ஜீன்ஸ் நனைந்தால் கால்வே வரை ஈரத்தோடுதான் உட்கார வேண்டும், மாற்றுச் சாக்ஸ் ஒரு ஜோடி பைக்குள் இருக்கட்டும். சேலை கட்டி வரும் அம்மாக்கள் உள்ளே லெகிங்ஸும் மேலே நீளமான ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டால் சமாளித்துவிடலாம். முந்தானையைச் செருகிக்கொள்ளாவிட்டால் பாய்மரம்தான்.

முதல் நாள் அயர்லாந்து வானிலை நிறுவனமான மெட் ஏரனின் எச்சரிக்கையைப் பாருங்கள். காற்றின் வீச்சு மணிக்கு 90-லிருந்து 110 கி.மீ. என்றால் மஞ்சள், 110-லிருந்து 130 என்றால் ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. ஆரஞ்சிலேயே மேடைகளை மூட வாய்ப்பு அதிகம். அப்போது டூர் ரத்தாகலாம், இல்லை வேறு ஊருக்குத் திருப்புவார்கள். வேறு ஊருக்குத் திருப்பினால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை டிக்கெட் எடுக்கும்போதே படித்துவிடுங்கள், பல இடத்தில் கிடைக்காது.

வாந்தி வருகிறவர்களுக்கு: மோட்டார்வேயில் ஒன்றும் ஆகாது. மோஹருக்கு முன்னால் வரும் லஹிஞ்ச் ஊரைத் தாண்டியதும், திரும்பும்போது பர்ரன் கரையோரமும்தான் சோதனை. பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள இருக்கைகள் ஒவ்வொரு வளைவிலும் அதிகமாக வீசும். நடுவிலோ முன்னாலோ உட்காருங்கள். மாத்திரையை வளைவு வந்தபின் போட்டுப் பயனில்லை, ஒரு மணி நேரம் முன்னால் போடவேண்டும்.

எந்தப் பக்கம் சீட்? மோஹரிலிருந்து டூலின், ஃபனோர், பிளாக் ஹெட் வழியாக வடக்கே வந்தால் கடல் இடப்பக்கம், அதாவது கதவுப் பக்கம். முதலில் பர்ரன், பிறகு மோஹர் என்று எதிர்த்திசையில் போனால் கடல் டிரைவர் பக்கம். தென்மேற்கே கெரி வளையம் (Ring of Kerry) என்ற சுற்றுப்பாதைக்குப் போகும் டூரில் கோச்சுகள் எல்லாம் கில்லார்னியிலிருந்து இடஞ்சுழியாகவே போகும், குறுகலான ரோட்டில் எதிரெதிரே மாட்டிக்கொள்ளாமல் இருக்க. அங்கே எப்போதும் வலப்பக்க ஜன்னல்தான். சீட்டுக்கு எண் கிடையாது. நாலு பேர் சேர்ந்து உட்கார வேண்டுமென்றால் இருபது நிமிடம் முன்னால் நில்லுங்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மோஹர் பக்கம் சூப் என்று பலகையில் எழுதியிருப்பது பல நேரம் சவுடர், மீனும் பாலும் சேர்ந்தது. காய்கறி சூப்பிலும் கோழிச்சாறு இருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள். சிப்ஸ் பொரித்த எண்ணெயில் மீனும் பொரித்திருப்பார்கள். எலுமிச்சை சாதமோ சப்பாத்தி ரோலோ கட்டிக்கொண்டு போவதே உத்தமம். கோச்சுக்குள் சூடான, வாசனை தூக்கும் சாப்பாட்டுக்கு அனுமதி இருக்காது, வெளியே பெஞ்சில் சாப்பிடலாம். எம்7 மோட்டார்வே வழியாகப் போனால் மனிகால் ஊரில் பராக் ஒபாமா பிளாசாவில் நிறுத்துவார்கள். ஒபாமாவின் தாய்வழி முன்னோர் ஒருவர் அந்த ஊர்க்காரர், அதனால் பெட்ரோல் பங்குக்கு அந்தப் பெயர். நாலு கோச் சேர்ந்து வந்தால் பெண்கள் கழிவறைக்கு வரிசை வாசல் வரை வரும். காபியைப் பிறகு பாருங்கள்.

* * *

பர்ரனில் இறங்கும் இருபது நிமிடத்தில் கணுக்கால் பிசகும் ஆட்கள் உண்டு. சுண்ணாம்புப் பாறைத் தளம், அதில் முழங்கால் ஆழத்துக்கு வெடிப்புகள். வெடிப்புக்குள் பெரணி வளர்ந்து மேலே தரை மட்டம் போலத் தெரியும். பச்சையில் கால் வைக்காதீர்கள், சாம்பல் நிறத்தில் வையுங்கள். அவ்வளவுதான் விதி. மே மாதமென்றால் கட்டை விரல் நகம் அளவில் அடர்நீலப் பூ ஒன்று தெரியும், ஸ்பிரிங் ஜென்ஷியன். ஆல்ப்ஸ் மலையில் பூப்பது கடல் மட்டத்தில் பூக்கிறது.

* * *

இதே மாதிரி வடக்கே, கடலோரம் கல் தூண்கள் நெருக்கி நிற்கிற ஜயன்ட்ஸ் கோஸ்வேக்கும் டப்ளினிலிருந்து ஒருநாள் டூர் போகினம். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு உள்ள ஆக்கள் காசு கட்ட முதல் ஒன்றைக் கவனியுங்கோ: அது வட அயர்லாந்து, ஐக்கிய இராச்சியம். அயர்லாந்து விசா மட்டும் வைத்துக்கொண்டு போகேலாது. இங்கே வதிவிட அட்டை இருந்தாலும் எங்கட கடவுச்சீட்டுக்கு யூகே விசா தனியாக வேணும். இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கிற இந்தியருக்கு விசாவிலே பி.ஐ.வி.எஸ் (BIVS, பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டம்) என்று அடிச்சிருந்தால் இரண்டு நாட்டுக்கும் செல்லும், ஆனால் விசா தந்த நாட்டுக்குத்தான் முதலில் போகவேணும். இலங்கையருக்கு அந்தத் திட்டம் இல்லை.

எல்லையில் கேட்டும் இல்லை, சாவடியும் இல்லை. வேகப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறும்போதுதான் கடந்தது தெரியும். அதனால் 'ஒருத்தரும் பார்க்க மாட்டினம்' என்று சொல்லுவினம். திரும்பி வரும்போது பஸ்ஸை நிறுத்திப் பார்க்கிறது உண்டு. பிடிபட்டால் அடுத்த விசாவுக்கே வில்லங்கம். டூர்க்காரர் கேட்கவில்லை என்பதற்காகச் சரியென்று ஆகாது, பொறுப்பு பயணியின் தலையில்தான்.

பவுண்ஸ் கொஞ்சம் கையில் வைத்திருங்கோ. விசிட்டர் சென்டரிலிருந்து கல்லுக்கு ஒரு கிலோமீட்டர் இறக்கம். திரும்பி ஏறத்தான் கஷ்டம். வயது போனவைக்குச் சின்ன ஷட்டில் பஸ் இருக்கு, கட்டணம் தனி. கல் மொத்தம் நாற்பதாயிரம் அளவிலே, கூடுதலும் ஆறு பக்கம். எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கேக்கை வெடித்த வடிவம். தண்ணிக்குக் கிட்டக் கறுப்பாக இருக்கிற கல்லில் ஏறவேண்டாம், பாசி பிடித்து வழுக்கும். சாம்பலும் தேன் நிறமுமாக இருக்கிற மேல் கல் வடிவாகக் கால் பிடிக்கும். வெடிப்புக்குள் காசு செருகுகிற பழக்கத்தையும் விடுங்கோ. காசு துருப்பிடித்து ஊதிக் கல்லை உடைக்குது.

* * *

டூலினிலிருந்து ஓங்கலுக்கு அடியில் படகில் போவதும் சேர்ந்த டூர் சில உண்டு. வெயில் அடிக்கும், காற்றே இருக்காது, ஆனாலும் படகு ரத்து என்பார்கள். ஏமாற்று இல்லை. இரண்டு நாள் முன்னால் நடுக்கடலில் அடித்த புயலின் அலை இப்போதுதான் கரைக்கு வருகிறது; படகுத்துறையில் ஏறி இறங்க முடியாது. படகுக்காகவே டிக்கெட் எடுப்பவர்கள், ரத்தானால் அந்தப் பகுதிக் கட்டணம் திரும்புமா என்று கேட்டுவிடுங்கள்.

டிசம்பரில் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு: மேற்கில் நாலரைக்குள் இருட்டிவிடும். மோஹர் வெளிச்சத்தில் கிடைக்கும், கால்வே தெருவிளக்கில்தான். ஜூனில் இரவு பத்து வரை வெளிச்சம். அன்று இரவே விமானம் போட்டுக்கொள்ளாதீர்கள், டப்ளினைச் சுற்றும் எம்50 மோட்டார்வேயில் ஒரு விபத்து போதும்.

எல்லாம் சரியாகத் திட்டமிட்டு ஞாயிற்றுக்கிழமையில் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம். பிக்கப் பெரும்பாலும் ஓ'கானல் தெரு, சஃபோக் தெரு பக்கம், 6:50, 7 மணிக்கு. வார நாளில் லூவாஸ் டிராம் ஐந்தரைக்கே ஓடும். ஞாயிறு முதல் வண்டியே ஏழு மணிக்குத்தான். டாலா, சாண்டிஃபோர்ட் பக்கம் இருப்பவர்கள் முதல் நாள் இரவே டாக்சி சொல்லிவையுங்கள்.