டெக்சஸ்: இடித்தவரிடம் 30,000 டாலர்தான் காப்பீடு, மீதிக்கு நம் யூஐஎம் கைகொடுக்குமா?

இர்விங் பொருநை:
வணக்கம். டாலஸ் பக்கம் இர்விங்கில் இருக்கிறோம். போன மாதம் சிக்னலில் சிவப்புக்கு நின்றிருந்தபோது பின்னால் வந்த பிக்கப் டிரக் பிரேக்கே போடாமல் வந்து மோதிவிட்டது. நான் ஓட்டினேன், பக்கத்து இருக்கையில் அம்மா. நெல்லையிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார். எனக்குக் கழுத்து வலியோடு போயிற்று. அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்து, ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். சோற்றைப் பிசையக்கூட முடியவில்லை, ஸ்பூனைப் பார்த்தாலே அவருக்குக் கோபம் வருகிறது.

மருத்துவமனை பில் மட்டும் 68,000 டாலர். சர்ஜன், மயக்க மருந்து டாக்டர் பில்கள் தனியாக வந்துகொண்டே இருக்கின்றன. அம்மாவுக்கு எடுத்த விசிட்டர் இன்சூரன்ஸ் மலிவான ஃபிக்ஸட் பெனிஃபிட் வகை (பில் எவ்வளவானாலும் முன்பே நிர்ணயித்த தொகைதான் தருவார்கள்), யானைப் பசிக்குச் சோளப்பொரி.

போலீஸ் ரிப்போர்ட்டில் தப்பு முழுக்க அந்த டிரக் டிரைவர் மேல்தான். ஆனால் அவரிடம் இருப்பது 30/60/25. அதாவது ஒருவர் காயத்துக்கு 30,000, ஒரு விபத்தின் எல்லாக் காயங்களுக்கும் சேர்த்து 60,000, சொத்துச் சேதத்துக்கு 25,000. அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்மைக் கவனிக்கும் அட்ஜஸ்டர் போன் செய்து, "அம்மாவுக்கு முழு 30,000-ஐயும் உடனே தருகிறோம்" என்று சொல்லி ஒரு ரிலீஸ் பத்திரத்தை (இனி டிரைவரிடம் எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது) மெயிலில் அனுப்பியிருக்கிறார். என் பாலிசியில் யூஎம்/யூஐஎம் (இடித்தவரிடம் காப்பீடு இல்லாவிட்டாலோ போதாவிட்டாலோ நம் கம்பெனி தருவது) 100/300 இருக்கிறது, அதாவது ஒருவருக்கு 100,000, ஒரு விபத்துக்கு 300,000. பிஐபி (யார் தப்பானாலும் காருக்குள் இருந்தவர்களின் காயச் செலவுக்கு) 2,500. கார் டோட்டல் லாஸ், இனி சரிசெய்து பயனில்லை. மதிப்பு 31,000, அவர்கள் தருவது 25,000.

என் ஏஜென்ட், "முதலில் அவர்களோடு முடித்துவிட்டு எங்களிடம் வாருங்கள்" என்கிறார். அம்மா கையெழுத்துப் போடலாமா? பாலிசியில் அம்மா பெயரே இல்லையே, யூஐஎம் அவருக்குச் செல்லுமா?

பிளேனோ பாலா:
போடாதீர்கள். இப்போதைக்கு அந்த மெயிலுக்குப் பதிலே வேண்டாம்.

இன்சூரன்ஸே இல்லாதவர் இடித்தால் யூஎம், இருந்தும் போதவில்லை என்றால் யூஐஎம். டெக்சஸில் இரண்டையும் ஒரே கவரேஜாகத்தான் விற்கிறார்கள். அம்மா பெயர் பாலிசியில் இருக்க வேண்டியதில்லை. உங்கள் காரில் உட்கார்ந்திருந்தார், அது போதும். பிஐபி 2,500-ம் அவருக்குத் தனியாக உண்டு, உங்களுக்குத் தனியாக உண்டு. அதில் யார் தப்பு என்ற பேச்சே கிடையாது, இன்றைக்கே கேளுங்கள்.

ரிலீஸ் விஷயத்துக்கு வருகிறேன். யூஐஎம் பணம் கொடுத்த பிறகு, அந்த டிரைவரிடமிருந்து அதை வசூலிக்க உங்கள் கம்பெனிக்கு உரிமை உண்டு. அம்மா ரிலீஸில் கையெழுத்துப் போட்டால் அந்த உரிமையும் சேர்ந்து போய்விடும். அதனால்தான் கம்பெனியின் சம்மதம் இல்லாமல் செட்டில் செய்யக்கூடாது என்று பாலிசியில் வழக்கமாக ஒரு வரி இருக்கும். சம்மதம் இல்லாததால் தனக்கு உண்மையில் நஷ்டம் வந்தது என்று கம்பெனி காட்டினால்தான் மறுக்கலாம் என்று டெக்சஸ் சுப்ரீம் கோர்ட் 1994-ல் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தச் சண்டை நமக்கு எதற்கு? ரிலீஸ் நகலையும் 30,000 ஆஃபரையும் உங்கள் கம்பெனிக்கு அனுப்பி, எழுத்தில் சம்மதம் கேளுங்கள். ஏஜென்டிடம் அல்ல, கிளெய்ம் டிபார்ட்மென்டிடம்.

எடிசன் வாசுகி:
நியூ ஜெர்சியிலும் இதே கதைதான். இங்கே 1988 லாங்வொர்த் தீர்ப்புப்படி நம் கம்பெனிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும், அவர்களுக்கு 30 நாள் அவகாசம். ஒன்று சம்மதிப்பார்கள், இல்லையென்றால் எதிர்த்தரப்பு தரும் தொகையைத் தாங்களே கொடுத்துவிட்டு டிரைவரைத் துரத்துவார்கள்.

இன்னொன்று: யூஐஎம்மில் 100,000 முழுதாகக் கிடைக்காது. ஆயிரக் கணக்கில் சொன்னால் 100-இல் 30 கழித்து 70-தான்.

பிளேனோ பாலா:
வாசுகி அக்கா, அது உங்கள் ஊர்க் கணக்கு. நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா எல்லாம் லிமிட்டிலிருந்து கழிக்கும் மாநிலங்கள். உங்கள் யூஐஎம் 30, இடித்தவரிடமும் 30 என்றால் அங்கே பூஜ்யம். டெக்சஸில் 1989 ஸ்ட்ராசனர் தீர்ப்புக்குப் பிறகு மொத்த நஷ்டத்திலிருந்துதான் கழிக்கிறார்கள். அம்மாவின் மொத்த நஷ்டம் 140,000 என்று முடிவானால் இடித்தவரிடமிருந்து 30, நம் யூஐஎம்மிலிருந்து 100, ஆக 130. அதே விபத்து எடிசனில் நடந்திருந்தால் 30-ம் 70-ம் சேர்ந்து 100. இந்த ஊரில் யூஐஎம் வாங்குவதில் லாபம் இருப்பதே இதனால்தான்.

எடிசன் வாசுகி:
அப்படியா! சரி, என் பதிலை ஜெர்சிக்காரர்கள் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹூஸ்டன் காளி:
லா ஆபீஸில் பல வருடமாக இதே ஃபைல்களைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை.

பொருநை தம்பி, 68,000 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள். டெக்சஸ் சட்டத்தில் பில்லில் அச்சடித்த தொகை செல்லாது. உண்மையில் கட்டியதும், கட்ட வேண்டியிருப்பதும்தான் மருத்துவச் செலவு. மருத்துவமனை அதை 40,000-க்குக் குறைத்தால் நஷ்டக் கணக்கில் ஏறுவது 40,000. அதன்மேல் வலி, இனி வரும் சிகிச்சை, கை பழையபடி இயங்காத குறை எல்லாம் தனித்தனியாகச் சேரும்.

அடுத்தது லியன், அதாவது வரும் பணத்தில் தன் பாக்கியை எடுத்துக்கொள்ள மருத்துவமனைக்கு உள்ள உரிமை. விபத்து நடந்து 72 மணி நேரத்துக்குள் அம்மாவை அட்மிட் செய்திருந்தால், எதிர்த்தரப்பு தரும் பணத்தின் மேல் மருத்துவமனை லியன் போடலாம். கவுண்டி கிளார்க் பதிவில் தேடிப் பாருங்கள். அதைத் தீர்க்காமல் 30,000 செக் வந்தால், செக்கில் மருத்துவமனை பெயரும் சேர்ந்தே வரும். நீங்கள் தனியாக மாற்ற முடியாது.

மூன்றாவது, இதுதான் பலருக்கு அதிர்ச்சி. நம் கம்பெனிக்குத்தானே வருடா வருடம் கட்டுகிறோம், உடனே கொடுத்துவிடும் என்று எண்ண வேண்டாம். 2006-ல் பிரெய்னார்ட் வழக்கில் டெக்சஸ் சுப்ரீம் கோர்ட், அந்த டிரைவர் மேல் தப்பு, நஷ்டம் இவ்வளவு என்று தீர்ப்பு வரும்வரை யூஐஎம் கொடுக்கும் கடமை கம்பெனிக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. பேச்சுவார்த்தையில் முடிவதுதான் அதிகம். ஆனால் இழுத்தடிக்க அவர்களிடம் இந்தக் கயிறு இருக்கிறது. டிரைவரோடு சம்மதத்தோடு செட்டில் செய்துவிட்டாலும், நம் கம்பெனி மேலேயே வழக்குப் போட்டு அந்தத் தீர்ப்பை வாங்கலாம். 2021-ல் அதையும் கோர்ட் உறுதி செய்தது. டிரைவர் மேல் வழக்குப் போட விபத்துத் தேதியிலிருந்து 2 வருடம், அதை நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

கார் தனி ஃபைல். மீதி 6,000-ஐ யூஐஎம்மின் சொத்துப் பகுதியில் கேளுங்கள், டிடக்டிபிள் (நாமே ஏற்க வேண்டிய தொகை) 250-தான். டெக் பேஜில் (பாலிசியில் கவரேஜ்களைப் பட்டியலிடும் பக்கம்) அந்தப் பகுதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிரிஸ்கோ மீனா:
நடுவில் ஒரு கேள்வி. 635 நெடுஞ்சாலையில் ஒருவன் சட்டென்று என் லேனுக்குள் பாய்ந்தான். ஒதுங்கப் போய் நான் தடுப்புச்சுவரில் உரசினேன். அவன் நிற்காமல் போய்விட்டான். என் யூஎம் இதற்கு வருமா?

ஹூஸ்டன் காளி:
அவன் யார் என்றே தெரியாதென்றால் வராது, அம்மா. ஆள் தெரியாத வண்டி என்றால் அது உங்கள் காரைத் தொட்டிருக்க வேண்டும் என்பது டெக்சஸ் விதி. டேஷ்கேமில் நம்பர் பிளேட் தெரிந்து, அவனிடம் இன்சூரன்ஸ் இல்லை என்று நிரூபிக்க முடிந்தால் கதை வேறு. இல்லையென்றால் கொலிஷன் கவரேஜ்தான், யார் தப்பானாலும் மோதிய நம் காருக்குத் தருவது.

கேட்டி கதிர்:
இதற்கு வக்கீல் தேவையா? மூன்றில் ஒரு பங்கை அவருக்குக் கொடுத்தால் அம்மாவுக்கு என்ன மிஞ்சும்?

ஹூஸ்டன் காளி:
நியாயமான கேள்வி. எதிர்த்தரப்பு தானாக நீட்டும் 30,000-க்கு முழுப் பங்கு கேட்கும் வக்கீலிடம் நான் போகமாட்டேன். அந்தத் தொகைக்குப் பங்கு வேண்டாம், யூஐஎம்முக்கு மட்டும் என்று பேசிப் பாருங்கள், ஒப்புக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். லியனைக் குறைக்கப் பேசுவதும் அவர் வேலைதானா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஆபரேஷன் வரை போன கேஸில் வக்கீலே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்.

இர்விங் பொருநை:
எல்லாருக்கும் நன்றி. கிளெய்ம் டிபார்ட்மென்டுக்கு ரிலீஸ் நகலோடு எழுதினேன். சம்மதம் தரும் முன், அந்த டிரைவருக்கு வேறு இன்சூரன்ஸோ சொத்தோ இல்லை என்று அவரிடமிருந்து அஃபிடவிட் வேண்டுமாம். எதிர்த்தரப்பு அட்ஜஸ்டரே அதை வாங்கித் தருகிறேன் என்றார். பிஐபி படிவம் வந்துவிட்டது. டெக் பேஜில் சொத்துப் பகுதி 25,000 இருக்கிறது. மருத்துவமனை லியன் போட்டிருக்கிறது, காளி அண்ணன் சொன்னபடியே.

ஒன்று மட்டும் பாக்கி. அம்மாவுக்கு அடுத்த மாதம் டிக்கெட். ஊருக்குப் போய்விட்டால் கிளெய்ம் நின்றுபோகுமா?

ஹூஸ்டன் காளி:
நிற்காது. போகும் முன் சர்ஜனைப் பார்த்து, கை எவ்வளவு மடங்குகிறது, இன்னும் எவ்வளவு நாள் பிசியோதெரபி வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். எக்ஸ்ரே சிடியும் ஆபரேஷன் நோட்டும் கையோடு போகட்டும். நெல்லையில் எடுக்கும் பிசியோதெரபிக்குத் தேதி போட்ட ரசீது, டாக்டர் கையெழுத்து, எல்லாம் அம்மா பெயரில் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். ரிலீஸில் அவரே கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் சம்மதக் கடிதம் டிக்கெட் தேதிக்கு முன் வருகிறதா என்று வாரம் ஒருமுறை மெயில் போட்டுக்கொண்டே இருங்கள். போனில் பேசினாலும், பேசியதை அன்றைக்கே மெயிலிலும் எழுதி அனுப்பிவிடுங்கள்.